ஆஸ்பத்திரித் தரையும் ஒப்பந்தத் தாளும்

பெரியம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். கட்டிலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். காலை ஆறரை இருக்கும். துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் நீல வாளியும் மாப்புமாக வந்தார். கக்கூஸ் வாசலில் தொடங்கி, அதே மாப்பை அதே தண்ணீரில் முக்கி, கட்டில்களுக்கு அடியில் வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனார். ஏழாவது கட்டிலை எட்டும்போது வாளித் தண்ணீர் கழுநீரைவிடக் கலங்கியிருந்தது. "ஏனுங்கக்கா, வார்டுக்குன்னு வேற மாப்பு இல்லீங்களா?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இருந்தா எடுக்க மாட்டனா சாமி? மாடிக்கு ஒண்ணுதான் குடுத்திருக்காங்க. ஹைப்போ தீந்து மூணு நாளாச்சு. சூப்பர்வைசர்கிட்டக் கேட்டா கம்பெனிக்குச் சொல்லியிருக்குங்கறாரு" என்றார். ஹைப்போ என்பது கிருமிநாசினி. மாப்பைப் பிழிந்துவிட்டு எட்டாவது கட்டிலுக்கு நகர்ந்தார்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் பேசுகிற எங்கள் கிழக்குச் சித்தூர்க்காரர்களுக்கு எல்லைக்கு இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரிதான். சளி காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருப்பது, கொஞ்சம் பெரிதானால் சித்தூர் தாலுக் ஆஸ்பத்திரி, அதற்கும் மேலே போனால் பாலக்காடோ பொள்ளாச்சியோ கோவை ஜி.எச்.சோ. வாளையாற்றைத் தாண்டினால் அரசு மாறும், சீட்டில் எழுதியிருக்கும் மொழி மாறும். துப்புரவில் ஒரு பங்காவது வெளியாட்கள் கையில் இருக்கும் என்பது மட்டும் எங்கேயும் மாறுவதில்லை. தமிழ்நாட்டில் பெரிய கம்பெனிகள் டெண்டர் எடுத்து ஆட்களை அனுப்புகின்றன. ஆந்திர அரசு மருத்துவமனைகளில் துப்புரவு, காவல், எலி ஒழிப்பு ஆகியவை ஏஜென்சிகளிடம் போகின்றன. கேரளத்தில் நிரந்தர ஊழியர்களோடு, மருத்துவமனை நிர்வாகக் குழு தினக்கூலிக்கு எடுத்தவர்களும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களும் வேலை செய்கிறார்கள்.

அரசு–தனியார் கூட்டு என்றதும் நம்மிடையே இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது. தனியாரிடம் விட்டால் பளபளவென்று ஆகிவிடும் என்கிறது ஒன்று. விட்டால் கெட்டது என்கிறது மற்றொன்று. அந்த அக்காவின் கையில் ஏன் ஒரே ஒரு மாப்பு இருந்தது என்ற கேள்விக்கு இரண்டு கட்சியிடமும் பதில் இல்லை. ஒப்பந்தத் தாளில்தான் பதில் இருக்கிறது. அன்று காலை அவர் எத்தனை மாப்போடு வார்டுக்குள் நுழைய வேண்டும் என்பது, டெண்டரில் என்ன விலைக்கு என்ன பொருளை வாங்குகிறோம் என்று எழுதியபோதே முடிவாகிவிட்டது. ஆள் எண்ணிக்கையை வாங்கினால் ஆள் கிடைக்கும். சுத்தம் வேண்டுமென்றால் சுத்தத்தையே வாங்குவதாக எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரித் தரையை வீட்டுத் தரை மாதிரி நினைப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. வீட்டில் தூசி போனால் போதும். வார்டில் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குக் கிருமி போகாமல் தடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் மருத்துவமனையிலேயே ஒரு தொற்றாவது வருகிறது. வந்த நோய் ஒன்று, வாங்கிக்கொண்டு போகும் நோய் இன்னொன்று. இதில் கைகழுவாத கைக்குப் பெரிய பங்கு. கதவுப் பிடி, கட்டில் கம்பி, மாப்பு ஆகியவையும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

கேரளத்துக்காரர்களுக்கு இதை 2018 மே மாதம் கற்றுக்கொடுத்தது. கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்தபோது தொற்றியவர்களில் பெரும்பாலானவர்கள் மருத்துவமனைகளிலேயே தொற்று வாங்கியவர்கள். பேராம்பிரா தாலுக் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி உயிரை விட்டார். அந்த மாதத்துக்குப் பிறகு வராந்தாக் கூட்டத்தையும் தொற்றுத் தடுப்பையும் இங்கே யாரும் சின்ன விஷயமாகப் பேசுவதில்லை.

சரி, ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும்? வார்டுக்குள் துடைப்பம் போடக் கூடாது. பெருக்கினால் தரையில் கிடப்பது காற்றில் ஏறி மூச்சில் இறங்கும். ஈரத்தில்தான் துடைக்க வேண்டும், மூன்று வாளிகளோடு. ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் அலசுகிற வெறும் தண்ணீர், ஒன்றில் கிருமிநாசினி. சுத்தமான மூலையிலிருந்து அழுக்கான மூலையை நோக்கி ஒரே திசையில் வர வேண்டும். அன்று நான் பார்த்தது இதற்கு நேர் தலைகீழ். ஆபரேஷன் தியேட்டர், வார்டு, கக்கூஸ் மூன்றுக்கும் மாப்பு தனித்தனி. ஷிப்ட் முடிந்ததும் மாப்புத் துணியைத் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். ஈரத்தோடு மூலையில் சாத்தி வைத்த மாப்பு விடிவதற்குள் கிருமிப் பண்ணையாகிவிடும். ஹைப்போ என்று எல்லோரும் சொல்கிற சோடியம் ஹைப்போகுளோரைட் கேனில் 5 சதவீதமாக வந்தால், ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து 1 சதவீதமாக்க வேண்டும். நேற்றுக் கலக்கியது இன்றைக்கு வீரியம் குறைந்துவிடும், அதனால் புதிதாகக் கலக்க வேண்டும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு அதைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பி, கழுவுகிறவரின் நெஞ்சை அடைக்கும். இது தெரியாமல் இருமிக்கொண்டே வேலை பார்க்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். முகத்துக்கு முந்தானையைக் கட்டிக்கொள்வார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆக, இது பயிற்சி வேண்டிய வேலை. நம் டெண்டர்கள் பலவற்றில் இது ஆள் எண்ணிக்கையாகச் சுருங்கிவிடுகிறது.

எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றுக்கு 30 பேர் என்று ஒப்பந்தம் என வைத்துக்கொள்வோம். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு நாள் லீவு. 30 பேர், ஆறு நாள், மொத்தம் 180 ஷிப்ட். வாரத்துக்கு ஏழு நாள், நாளைக்கு மூன்று ஷிப்ட், மொத்தம் 21. வகுத்தால் ஒரு ஷிப்டுக்கு எட்டு, ஒன்பது பேர். காய்ச்சல், கல்யாணம், திருவிழா என்று வராதவர்களைக் கழித்தால் ஆறோ ஏழோ. அதில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சர் தள்ளவும் லேபுக்கு ரத்தம் கொண்டுபோகவும் ஃபைல் தூக்கவும் போய்விடுவார்கள். அது அவர்கள் வேலையில்லை, ஆனாலும் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். மிச்சம் நான்கு பேர். ஓ.பி., அவசரப் பிரிவு, பிரசவ வார்டு, ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, அத்தனை கக்கூஸ்களும் அந்த நான்கு பேர் தலையில். பில்லில் மட்டும் முப்பது.

அடுத்தது பணம். கூலி, ஹைப்போ, பினாயில், மாப்பு, கையுறை, லாபம் எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சேர்த்துக் குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுத்தால், வாங்காத ஒவ்வொரு ஹைப்போ கேனும் ஒப்பந்தக்காரருக்கு லாபம். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. தாள் அப்படி எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சரிசெய்ய, கூலியை அரசு நிர்ணயித்தபடி அப்படியே தந்துவிட்டு, ஒப்பந்தக்காரர் தன் சேவைக் கட்டணத்தை மட்டும் கேட்கட்டும் என்று வைத்துப் பார்த்தார்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. போட்டியில் எல்லோரும் கட்டணத்தை ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவுக்குக் குறைத்துக் கேட்பார்கள். கட்டணமே வாங்காமல் ஒருவர் எதற்குத் தொழில் செய்கிறார்? வேறெங்கோ எடுக்கத்தான் வேண்டும். வேலைக்குச் சேர ஒரு தொகை, யூனிஃபார்முக்குப் பிடித்தம், பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது, பட்டியலில் மட்டும் இருக்கும் பெயர்கள். கடைசியில் அத்தனையும் அந்த அக்காவின் கூலியிலிருந்துதான் போகிறது.

கூலியும் சுத்தமும் வேறு வேறு விஷயம் என்று நினைக்கிற அதிகாரிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருக்கும் பெண் வேலையை விட்டுப் போய்விடுவார். அவர் இடத்துக்கு வருகிறவருக்கு மூன்று வாளி எதற்கென்று தெரியாது. அவர் கற்றுக்கொள்வதற்குள் அவரும் போய்விடுவார். பயிற்சி என்று எத்தனை வகுப்பு எடுத்தாலும், ஆள் நிற்காத இடத்தில் அது வாளியில் ஓட்டை. சட்டம் இதை எப்போதோ யோசித்துவிட்டது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் வேலை வாங்கும் நிறுவனமே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கூலிப் பொறுப்பை மொத்தமாகக் கைமாற்றிவிடலாம் என்ற எண்ணத்துக்கு அப்போதே இடமில்லை.

இந்த வழியில் நமக்கு முன்பே நடந்து பார்த்த நாடு இங்கிலாந்து. 1983 முதல் அங்கே அரசு மருத்துவமனைகளின் துப்புரவை டெண்டருக்கு விடச் சொன்னார்கள். பின்னால் 126 மருத்துவமனை அமைப்புகளின் 2010–14 காலக் கணக்கை எடுத்து ஒப்பிட்டார்கள். வெளியாருக்கு விட்ட இடங்களில் செலவு குறைவு, படுக்கைக்கு இத்தனை பேர் என்ற விகிதமும் குறைவு. மருந்துக்கு எளிதில் மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமித் தொற்று மட்டும் அதிகம். ஸ்காட்லாந்து 2008இலேயே புதிதாகத் துப்புரவை வெளியே விடுவதை நிறுத்திக்கொண்டது. இதைப் படித்துவிட்டுத் தனியாரே கூடாது என்று முடிவுகட்ட நான் தயாராக இல்லை. நிரந்தர ஊழியர்கள் இருந்தும் நாற்றமடித்த வார்டுகளில் நாங்கள் படுத்திருக்கிறோம். எங்கே குறைத்துச் சிக்கனம் பிடித்தார்கள் என்பதைத்தான் அந்தக் கணக்கில் கவனித்தேன். படுக்கைக்கு இத்தனை பேர் என்பதில் குறைத்தார்கள்.

எலியின் கதை

ஒரே ஆஸ்பத்திரி, முப்பது வருட இடைவெளி, இரண்டு கதைகள். 1994இல் சூரத்தில் பிளேக் வந்து நாடே நடுங்கியது. அப்போது இந்தூரின் மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனை எலிகளுக்குப் பேர்போனது. மாவட்ட நிர்வாகம் நோயாளிகளை வெளியேற்றி, கட்டடத்தைக் காலிசெய்து, எலிகளை ஒழித்து, குப்பையை லாரி லாரியாக அள்ளியது. ஊர்மக்களும் பணம் போட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் காயகல்ப், நம் சித்த மருத்துவர்கள் சொல்கிற அதே காயகற்பம். சுத்தம் செய்ததோடு நிற்காமல், ஊர்ப் பெரியவர்கள், மக்கள் பிரதிநிதிகள், மருத்துவர்கள் சேர்ந்த ஒரு சங்கத்தை அமைத்து, ஆஸ்பத்திரியின் சின்னச் சின்னச் செலவுகளை அதனிடம் விட்டார்கள். ரோகி கல்யாண் சமிதி என்ற அந்த ஏற்பாடு, 2005இல் வந்த தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் வழியாக நாடு முழுக்கப் பரவியது. கூட்டு முயற்சி என்றால் இது ஒரு வகை. கம்பெனி இல்லை, லாபம் இல்லை, ஊர் இருக்கிறது.

2025 ஆகஸ்ட் கடைசியில் அதே ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு குழந்தைகளை எலி கடித்தது. இரண்டும் அடுத்த சில நாட்களில் இறந்தன. சாவுக்குக் காரணம் பிறவிக் கோளாறுகள் என்றது நிர்வாகம். எலி கடித்ததை யாரும் மறுக்கவில்லை. எலி ஒழிப்பு அப்போது ஒரு தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்தது. அதற்கு அபராதம் போட்டார்கள்.

ஆந்திரத்தில் இதே துயரம் பத்து வருடம் முன்பே நடந்தது. 2015 ஆகஸ்டில் குண்டூர் அரசுப் பொது மருத்துவமனையில் எலி கடித்துப் பச்சைக் குழந்தை ஒன்று போய்விட்டது.

எலி ஏன் வருகிறது? சோற்றுக்கு வருகிறது. துணைக்கு இருப்பவர்கள், கேரளத்தில் சொல்வதுபோல் பைஸ்டாண்டர்கள், கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் பொட்டலங்களுக்கு வருகிறது. மூடாத சாக்கடை வழியாகவும், ஏ.சி. பைப்புக்கு ஓட்டை போட்டு அடைக்காமல் விட்ட சுவர் வழியாகவும் வருகிறது. எலி பிடிக்கிற கம்பெனி பொறி வைக்கும், மருந்து வைக்கும். ஓட்டையை அடைப்பது பொதுப்பணித் துறை. சோற்றை அள்ளுவது துப்புரவு ஒப்பந்தக்காரர். துணைக்கு வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட ஒரு கூடம் கட்டித் தருவது ஆஸ்பத்திரி. நான்கு பேரிடம் பிரித்துக் கொடுத்த வேலையைச் சேர்த்துப் பார்க்க ஒருவர் இல்லையென்றால், நான்கு ஒப்பந்தமும் நிறைவேறியிருக்கும், எலியும் இருக்கும். அபராதத் தாளில் கையெழுத்துப் போடுவதால் அந்தக் குழந்தைகள் திரும்ப வரப்போவதில்லை.

பாலக்காட்டுக்கு வரும் வண்டிகள்

கூட்டு முயற்சி நன்றாக வேலை செய்யும் இடத்தையும் சொல்ல வேண்டும். அது எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை இமேஜ் என்ற பெயரில் பாலக்காட்டில் ஒரு மருத்துவக் கழிவு நிலையம் நடத்துகிறது. 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை ஆஸ்பத்திரிகளின் ஊசியும் பஞ்சும் கட்டுத்துணியும் வண்டியேறிப் பல வருடங்கள் இங்கேதான் வந்து எரிந்தன. பின்னால் எர்ணாகுளம் பக்கம் அம்பலமேட்டிலும் ஒரு நிலையம் வந்தது. அரசு ஆஸ்பத்திரியும் தனியார் ஆஸ்பத்திரியும் தெருமுனை கிளினிக்கும் ஒரே நிலையத்துக்குக் காசு கட்டிக் கழிவைக் கொடுக்கிற ஏற்பாடு இது. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் இதைத்தான் விரும்புகின்றன: 75 கிலோமீட்டருக்குள் பொது நிலையம் இருந்தால் ஆஸ்பத்திரி தனியாக எரிஉலை வைக்கக் கூடாது, கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கக் கூடாது, ஒவ்வொரு பைக்கும் பார்கோடு வேண்டும்.

துப்புரவு ஒப்பந்தம் தடுமாறுகிற இடத்தில் இது ஓரளவு தாக்குப்பிடிக்கக் காரணம், இங்கே வாங்கும் பொருளை எண்ண முடிகிறது, எடைபோட முடிகிறது. பை எங்கிருந்து கிளம்பியது, எங்கே எரிந்தது என்று பார்கோடு சொல்லிவிடும். ஆனால் அந்தச் சங்கிலி ஆஸ்பத்திரியின் பின்வாசலில்தான் தொடங்குகிறது. வார்டில் எது எந்தப் பைக்குப் போகிறது என்பதைப் பார்கோடு பார்க்காது.

பார்க்காததன் விலையை 2024 டிசம்பரில் திருநெல்வேலிக்காரர்கள் கொடுத்தார்கள். நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர் பக்கங்களில் குவியல் குவியலாக ஆஸ்பத்திரிக் கழிவு கிடந்தது. கிளறிப் பார்த்தால் திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் தாள்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போகச் சொன்னது. டிசம்பர் 22 அன்று கேரளத்து லாரிகள் வந்து வாரிக்கொண்டு போயின. மருத்துவக் கழிவுக்குப் பார்கோடும் பொது நிலையமும் உண்டு. சாப்பாட்டு மிச்சம், பிளாஸ்டிக், காகிதம் போன்ற பொதுக் கழிவு வேறொரு ஒப்பந்தக்காரரிடம் போகிறது. அவர் எங்கே கொட்டுகிறார் என்று பின்தொடர அதே மாதிரி ஏற்பாடு இல்லை. இரண்டு ஓடைக்கும் நடுவே இருப்பது வார்டில் நிற்கும் நான்கு வாளிகள் மட்டும்தான். மஞ்சளில் ரத்தம் பட்ட பஞ்சும் கட்டும் உடல் பாகங்களும், சிவப்பில் டியூபும் கையுறையும், வெள்ளையில் ஊசி, நீலத்தில் கண்ணாடிக் குப்பி.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கடம் இங்கே வருகிறது. அந்த வாளிகளுக்கு மேலே எது எதில் என்று எழுதிய பலகை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. பெரியம்மாவின் பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டிக்குத் துணையாக வந்த மருமகள் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர். இட்லிப் பொட்டலத்தை மடித்து மஞ்சள் வாளியில் போட்டார். மூடி இருந்த சுத்தமான வாளி அது ஒன்றுதான். மூடிய வாளியில் சோறு போடுவது வீட்டில் நல்ல பழக்கம், அவர் செய்ததில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. எல்லை தாண்டி பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போகிற மலையாளிகளுக்கு இதே கதை தலைகீழாக நடக்கிறது. எல்லையோர ஆஸ்பத்திரிகளில் இரண்டு மொழியிலும் படத்தோடு பலகை வைப்பதைத் துப்புரவு ஒப்பந்தத்தின் ஒரு வரியாகவே சேர்க்க வேண்டும். பெயின்ட் செலவு தவிர அதற்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம் தண்ணீர். கிழக்குச் சித்தூர் மழை மறைவுப் பிரதேசம். பாலக்காட்டின் மற்ற பகுதி நெல்லறை என்றால் எங்கள் பக்கம் பனையும் தென்னையும் ஆழ்குழாய்க் கிணறும். தமிழ்நாட்டோடு கேரளம் போட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி எங்களுக்கு மணக்கடவு அணைக்கட்டில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கிடைக்க வேண்டும் என்பதும், கிடைத்ததா இல்லையா என்பதும் இங்கே டீக்கடை வரைக்கும் பேச்சு. மார்ச், ஏப்ரலில் டேங்கர் வராவிட்டால் எந்தக் கம்பெனி வந்தாலும் கக்கூஸ் நாறும். கூட்டு என்று சொல்லும்போது அரசின் பங்கு எது என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை. தண்ணீர், சாக்கடை, உடையாத டைல்ஸ், வெளிச்சம், மாப்பு காயப்போட வெயில் படுகிற ஒரு இடம் இவ்வளவும் ஆஸ்பத்திரி தர வேண்டியவை. தரைக்குழி உடைந்து தண்ணீர் தேங்கும் கழிப்பறையை எவ்வளவு துடைத்தாலும் அது அழுக்குக் கழிப்பறைதான்.

யார் கையெழுத்துப் போடுவது

நல்ல ஒப்பந்தத்தை எப்படி அளப்பது என்பதற்கு நாட்டில் ஏற்கெனவே ஒரு அளவுகோல் இருக்கிறது. இந்தூர்ப் பெயரையே எடுத்துக்கொண்டு, மத்திய சுகாதார அமைச்சகம் 2015 மே மாதம் காயகல்ப் விருதைத் தொடங்கியது. கட்டடப் பராமரிப்பு, துப்புரவு, கழிவு மேலாண்மை, தொற்றுத் தடுப்பு என்று பிரித்து, ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். கண்ணால் பார்த்து, ஊழியரைக் கேட்டு, பதிவேட்டைப் புரட்டிப் போடுகிறார்கள். முதலில் ஆஸ்பத்திரி தன்னைத் தானே மதிப்பிடும், பிறகு பக்கத்து ஆஸ்பத்திரிக்காரர்கள், கடைசியில் வெளியார். 70 சதவீதம் எடுத்தால்தான் விருதுக்குத் தகுதி. கேரளத்தின் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் பல இதை வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கின்றன. அந்த நிலையங்களில் மாப்பு காயப்போடுகிற கம்பி கட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சின்ன விஷயம்தான், பார்க்கும்போது கண் நிறைகிறது.

எனக்கு இருக்கும் ஆசை, இதே பட்டியலை மாதா மாதம் ஒப்பந்தக்காரரின் பில்லோடு கட்டுவது. முப்பது பேர் வந்தார்கள் என்ற வருகைப் பதிவேட்டுக்குப் பதிலாக, இந்த வார்டு இந்த மாதம் இத்தனை மதிப்பெண் என்பதன் மேல் பணம். அந்த மதிப்பெண்ணைப் போடுவது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சூப்பர்வைசர் போட்டால் கம்பெனி தனக்குத் தானே போடுகிற மார்க். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் போட்டால், வார்டை எட்டிப் பார்க்காத பேனா. போட வேண்டியவர் வார்டு சிஸ்டர். இருபத்து நான்கு மணி நேரமும் அந்த நாற்றத்தில் நிற்கிறவர் அவர்தான். இன்றைய நிலையில் அவர் துப்புரவாளரைக் கூப்பிட்டால், "எங்க சூப்பர்வைசர்கிட்டச் சொல்லுங்க சிஸ்டர்" என்ற பதில் வருகிறது, அதில் அந்த அக்காவின் தப்பும் ஒன்றுமில்லை. சிஸ்டரின் கையெழுத்து இல்லாமல் அந்த வார்டின் பில் நகராது என்று ஒரு வரி இருந்தால் ஹைப்போ மூன்று நாள் தீர்ந்து கிடக்காது. பிடித்தம் செய்தால் அதைக் கம்பெனியின் கட்டணத்தில்தான் பிடிக்க வேண்டும், கூலியைத் தொடக் கூடாது என்ற இன்னொரு வரியும் கூடவே வேண்டும். இல்லாவிட்டால் அபராதம் உருண்டு உருண்டு கடைசியில் மாப்புக் கையில் வந்து விழும்.

கேரளத்தில் இதைக் கேட்க வழி இருக்கிறது. தொண்ணூறுகளில் அதிகாரப் பரவல் வந்தபோது ஆஸ்பத்திரிகள் உள்ளாட்சிகளின் பொறுப்புக்கு வந்தன. நிர்வாகக் குழுவில் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒப்பந்தத் தாள், கூலிப் பட்டியல், பி.எஃப். கட்டிய ரசீது போன்றவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். குறையைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாமா என்று தயங்குகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு, நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைமனு கொடுக்க எல்லோருக்கும் உரிமை தருகிறது.

பெரியம்மா வீட்டுக்கு வந்து கோலூன்றி நடக்கிறார். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு மனு எழுதினோம், தமிழில். மூன்று கோரிக்கைகள். வாளிகளுக்கு மேலே தமிழிலும் பலகை. வார்டு சிஸ்டர் கையெழுத்துப் போடும் துப்புரவுத் தாள், எல்லோரும் பார்க்கும்படி கதவில். மூன்றாவதை எழுதச் சொன்னது பெரியம்மா: இந்த மாதக் கூலி எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று அதே கதவில், அதே தாளில், ஒரு வரி. மெம்பர் வாங்கிப் படித்துப் பார்த்தார். அடுத்த குழுக் கூட்டத்தில் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கூட்டம் வரும் மாதம் இரண்டாம் வியாழக்கிழமை. நாங்களும் போகிறோம்.